திருட்டுப்போன உங்கள் சைக்கிளை மீண்டும் கண்டால்: எதைச் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது

திருட்டுப்போன சைக்கிளை அதன் சொந்தக்காரரே தெருவில் மறுபடியும் பார்ப்பது அரிது. ஆனால் அது நடக்கும்போது நிதானமாக யோசிக்க அவகாசம் கிடைப்பதில்லை. என் சைக்கிள் காணாமல்போன ஏழாவது வாரத்தில், ஒரு நூலகத்தின் வாசலில், கம்பிவேலியோடு பூட்டப்பட்டு நின்றிருந்தது. பின்சக்கர மட்கார்டு ஆடாமலிருக்க நானே செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. காலில் குத்தாதபடி நுனியை நான் மடக்கிவிட்டிருந்த விதம்கூட மாறவில்லை. அடுத்த இரண்டு மணி நேரத்தில் நான் செய்தவற்றில் ஒன்றுகூட உருப்படியானதல்ல. சைக்கிள் கடைசியில் திரும்பி வந்தது என்றாலும், அதற்குப் பதினொரு வாரங்களும் ஆறு அரைநாள் விடுப்புகளும் செலவாயின. முறையாகச் செய்திருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது என்று இப்போது தெரிகிறது. நாட்டுக்கு நாடு சட்டமும் நடைமுறையும் மாறும். ஆனால் செய்ய வேண்டியவற்றின் வரிசை பெரும்பாலும் எங்கும் இதுதான்.

1. முதல் ஐந்து நிமிடம்: கை வைக்காதீர்கள், படம் எடுங்கள்

இது என்னுடையது என்று தோன்றிய மாத்திரத்தில் கை தானாக ஹேண்டில்பாரை நோக்கிப் போகும். அதை அடக்கிக்கொண்டு கைப்பேசியை எடுங்கள். முதலில் சற்றுத் தள்ளி நின்று, சைக்கிளும் அது நிற்கும் இடமும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுங்கள். தெருப்பெயரோ பக்கத்துக் கட்டடத்தின் பெயர்ப்பலகையோ அதில் விழுந்தால் நல்லது. பிறகு இரண்டு பக்கமும், பூட்டு, சீட், பெடல், நீங்கள் அடையாளம் கண்டுகொண்ட கீறல் அல்லது முடிச்சு எனத் தனித்தனியாக எடுங்கள். நேரத்தையும் சரியான இடத்தையும் அப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காவல் நிலையத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பரபரப்பில் அது மூன்றரையா நாலரையா என்று நினைவு குழம்பிவிடும்.

சைக்கிளின் அருகில் ஆள் இருந்தால் அவருடைய முகத்துக்கு நேரே கேமராவை நீட்ட வேண்டாம். அவர் திருடியவராக இருந்தால் எச்சரிக்கையாகிவிடுவார். இல்லாதவராக இருந்தால் சண்டைக்கு வருவார். இரண்டுமே உங்களுக்கு நஷ்டம்.

2. உங்களுடையதுதான் என்பதை பிரேம் எண்ணால் உறுதிசெய்யுங்கள்

ஒரே மாடலில், ஒரே நிறத்தில், ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் விற்பனையாகின்றன. ஒட்டிய ஸ்டிக்கரும் கிழிந்த சீட்டும் உங்கள் மனதுக்கு உறுதி அளிக்கலாமே தவிர, அடுத்தவருக்கு அவை சாட்சியம் அல்ல. ஒரு சைக்கிளை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் பிரேமில் பொறிக்கப்பட்ட வரிசை எண்தான். சைக்கிள்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 4210, பிரேமில் அழியாத வகையில் ஒரு வரிசை எண் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆகவே ஓரளவு தரமான எந்த சைக்கிளிலும் அது எங்காவது இருக்கும்.

பெரும்பாலும் அது இருக்கும் இடம், இரண்டு பெடல்களையும் இணைக்கும் அச்சு செல்லும் குழாயின் அடிப்பகுதி. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்காமலே, குனிந்து கைப்பேசியைக் கீழே நீட்டிப் படம் எடுத்தால் போதும். அங்கே இல்லையென்றால் சீட் கம்பி இறங்கும் குழாய், ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன்குழாய், பின்சக்கரத்தின் அச்சு பொருந்தும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். கார்பன் பிரேம்களில் பொறிப்பதற்குப் பதிலாகத் தகடாகவோ, வார்னிஷுக்குள் பதிந்த ஒட்டுச்சீட்டாகவோ இருக்கக்கூடும். மின்சார சைக்கிளாக இருந்தால் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் தனித்தனி எண்கள் உண்டு. பிரேம் எண் சிதைந்திருக்கும்போது அவை பெரிய உதவி.

இங்கே மூன்று இடங்களில் தடுக்கி விழலாம். முதலாவது, கியரிலும் பிரேக்கிலும் உள்ள எழுத்துகளை வரிசை எண் என்று நினைத்துக்கொள்வது. அவை பெரும்பாலும் அந்த உதிரிபாகத்தின் மாடல் குறியீடோ தயாரிப்புக் காலத்தின் குறியீடோதான். இரண்டாவது, சுழியத்தை ஓ என்றும், ஒன்றை ஐ என்றும், ஐந்தை எஸ் என்றும் மாற்றிப் படிப்பது. மூன்றாவது, சேறு. எனக்கு நடந்தது அதுதான்: கைக்குட்டையால் துடைத்த பிறகும் கடைசி இரண்டு இலக்கங்களில் கிரீஸும் மண்ணும் உறைந்திருந்தன, நானோ அவசரத்தில் மங்கலாக ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பொறித்த எழுத்து தெளிவாகத் தெரிய டார்ச் ஒளியை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் எழும்பித் தெரியும். மேலே பெயின்ட் பூசியிருந்தால்கூடப் பல நேரங்களில் இந்த முறையில் படித்துவிடலாம்.

எண் அரத்தால் ராவப்பட்டிருந்தால் அதைச் சுரண்டிப் பார்க்கும் ஆசையைக் கைவிடுங்கள். அச்சுக் குத்தும்போது எழுத்துக்கு அடியில் உள்ள உலோகமும் அழுத்தப்பட்டு மாறியிருக்கும். மேற்பரப்பை ராவினாலும் அந்த மாற்றம் உள்ளே மிஞ்சும் என்பதால், தடய ஆய்வகங்களில் அமிலம் தடவி எண்ணை மீட்க முடிகிறது. நீங்கள் சுரண்டினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

3. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

சைக்கிள் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தீர்மானமாகிறது. உங்களிடம் இரண்டு வகை ஆவணங்கள் இருக்க வேண்டும்: அது உங்களுடையது என்பதற்கு ஒன்று, அது திருடப்பட்டது என்பதற்கு ஒன்று. ஒன்றை வைத்து மற்றதை ஈடுகட்ட முடியாது.

முதல் வகையில் மிக வலுவானது பிரேம் எண் எழுதப்பட்ட விற்பனை ரசீது. பல ரசீதுகளில் எண்ணுக்கான கட்டம் வெறுமையாக இருக்கும். வாங்கும்போது நாமும் கவனிப்பதில்லை. அப்படியானால் உத்தரவாத அட்டை, பழுதுபார்த்த கடையின் வேலைச் சீட்டு, காப்பீட்டுப் படிவம், பழைய புகைப்படங்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். விற்ற கடையிலேயே கேட்டுப் பாருங்கள், எண்ணைப் பதிவு செய்து வைத்திருக்கும் கடைகள் உண்டு. பிரான்சில் 2021 முதல் கடைகளில் விற்கும் புதிய சைக்கிள்களுக்கு அடையாள எண் இட்டுப் பதிவது கட்டாயம். ஜப்பானில் திருட்டுத்தடுப்புப் பதிவு சட்டப்படியான கடமை. அத்தகைய நாட்டில் வாங்கியிருந்தால் உங்கள் எண் ஏற்கெனவே ஒரு பதிவேட்டில் இருக்கும். மற்றவர்களும் பைக் இண்டெக்ஸ் போன்ற இலவச இணையப் பதிவேட்டில், திருட்டு நடந்த பிறகுகூட, எண்ணைப் பதிந்துகொள்ளலாம்.

இரண்டாவது வகை, காவல்துறையில் கொடுத்த புகாரின் நகலும் அதன் எண்ணும். நான் புகார் கொடுத்திருந்தேன். ஆனால் 'கறுப்பு நிற சைக்கிள், பின்னால் கேரியர் உண்டு' என்பதுதான் அதில் இருந்த முழு விவரமும். பணியிலிருந்த அதிகாரி அதைப் படித்துவிட்டு, "பிரேம் எண் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அப்படியானால் இந்தப் புகார் எந்தக் கறுப்பு சைக்கிளுக்கும் பொருந்துமே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை.

புகாரே கொடுக்காதவர்கள், சைக்கிளைக் கண்ட பிறகாவது உடனே கொடுக்க வேண்டும். தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். தேதியை முன்தள்ளி எழுதினால், அந்த ஒரு பொய் மற்ற எல்லா உண்மைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். புகார் கொடுத்திருந்து எண் மட்டும் விடுபட்டிருந்தால், துணை வாக்குமூலமாக அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு கடிதத்தில் முடிந்துவிடும் வேலை இது. எல்லா ஆவணங்களையும் படம் எடுத்துக் கைப்பேசியில் ஒரே கோப்புறையில் வைத்துக்கொண்டால், தெருவில் நின்றபடியே காட்ட முடியும்.

4. நிலைமையைப் பார்த்து முடிவெடுங்கள்

சைக்கிள் பூட்டப்பட்டு, ஆள் இல்லாமல் நின்றால் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. கண்ணில் படும் தூரத்தில் ஓரமாக நின்றுகொண்டு காவல்துறையை அழையுங்கள்; முடிந்தால் ஒரு நண்பரை வரவழைத்து, ஒருவர் காவலுக்கும் மற்றவர் நிலையத்துக்குமாகப் பிரிந்துகொள்ளுங்கள். பலருக்கும் தோன்றும் தந்திரம், தன்னுடைய பூட்டை அதன் மேல் இன்னொன்றாக மாட்டிவிடுவது. நானும் அதைத்தான் செய்தேன். மாட்டிவிட்டு நிலையத்துக்குப் போய்த் திரும்பியபோது, தோளில் புத்தகப்பையுடன் ஒரு மாணவி அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதைப் பூட்டியது நீங்கள்தானா? என் சைக்கிளை ஏன் பூட்டினீர்கள்?" என்று கேட்ட அவருடைய குரலில் இருந்தது பயம். சுற்றி நின்றவர்களுக்கு அப்போது திருடர் நான்தான். அவர் நான்கு வாரங்களுக்கு முன் பணம் கொடுத்து அதை வாங்கியிருந்தார். விற்றவருடன் நடந்த உரையாடல் முழுவதும் அவருடைய கைப்பேசியில் இருந்தது. காவல்துறையிடம் தொலைபேசியில் சொல்லி அவர்கள் சரி என்றால் ஒழிய, இந்தத் தந்திரம் வேண்டாம். வைத்திருப்பவர் அப்பாவியானால் வீண் தகராறு. திருடரானால் நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று அவருக்கு நீங்களே தகவல் சொன்னதாகும், பூட்டை அறுக்க அவருக்கு நெடுநேரம் ஆகாது.

பூட்டே இல்லாமல் நின்றால் எடுத்துக்கொண்டு போய்விடலாமா? சொந்தப் பொருளை அமைதியான முறையில் மீட்டுக்கொள்வதை அனுமதிக்கும் சட்டங்கள் உண்டு. ஆனால் அடுத்தவரின் பூட்டை அறுப்பது, அவருடைய வளாகத்துக்குள் நுழைவது, கைகலப்பில் இறங்குவது ஆகியவை பெரும்பாலான இடங்களில் தனிக் குற்றங்கள். சைக்கிள் உங்களுடையது என்பதால் அவை மன்னிக்கப்படுவதில்லை. எண் பொருந்துகிறது, ஆவணங்கள் கையில் இருக்கின்றன, பொது இடம், எதிர்ப்பவர் யாருமில்லை என்ற நான்கும் ஒன்றுசேர்ந்தால்கூட, முதலில் தொலைபேசியில் காவல்துறையிடம் சொல்லிவிட்டு எடுப்பதே என் பரிந்துரை. அந்த ஓர் அழைப்பு, பின்னால் யாராவது உங்கள் மீது திருட்டுப் புகார் கொடுத்தால் உங்களுக்குச் சாட்சியாக நிற்கும்.

யாரோ அதை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் துரத்தாதீர்கள். போக்குவரத்துக்கு நடுவே ஒருவரை மறிப்பது இருவர் உயிருக்கும் ஆபத்து. நேரத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்தில் அதே பகுதியில் பாருங்கள். வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர் பெரும்பாலும் அதே வழியில்தான் மறுபடியும் வருவார்.

பழைய பொருள் விற்கும் கடையில் கண்டால் குரலை உயர்த்த வேண்டாம். அத்தகைய கடைகள் யாரிடம் வாங்கினோம் என்பதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் இருக்கிறது. காவல்துறை கேட்டால் அந்தப் பதிவேடு வெளியே வரும், நீங்கள் கத்தினால் சைக்கிள் பின்வாசல் வழியாக வெளியே போகும்.

இணைய விளம்பரத்தில் கண்டால் முதல் வேலை, விளம்பரம் நீக்கப்படுவதற்குள் அதன் எல்லாப் படங்களையும் விலையையும் விற்பவரின் கணக்குப் பெயரையும் முகவரி இணைப்பையும் சேமித்துக்கொள்வது. பிறகு வாங்க விரும்புபவரைப் போலப் பிரேம் எண்ணின் படத்தைக் கேளுங்கள். பழைய சைக்கிள் வாங்குகிற யாரும் கேட்கக்கூடியதுதான் அது. எண் பொருந்தினால் அந்த உரையாடலை அப்படியே காவல்துறையிடம் கொடுங்கள். தனியாகச் சந்திக்கப் போகாதீர்கள், முன்பணமும் அனுப்பாதீர்கள். போனால் போகட்டும் என்று பணம் கொடுத்தே திரும்ப வாங்கிவிடுபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் பிறகு திரும்பக் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம்.

சைக்கிளில் ஏர்டேக் போன்ற கருவியை ஒளித்து வைத்திருந்தால் அது இருக்கும் இடம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஆனால் ஒரு கட்டடத்தில் எந்த வீடு, எந்த மாடி என்பது அதில் தெரியாது. தவறான கதவைத் தட்டிவிடக்கூடும். தவிர, பின்தொடர்தலைத் தடுப்பதற்காக அந்தக் கருவியே அருகிலுள்ளவரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும். எனவே இந்தத் தகவலுக்கு ஆயுள் குறைவு, அன்றைக்கே காவல்துறையிடம் கொண்டுசெல்லுங்கள்.

5. காவல்துறையிடம் எப்படிச் சொல்வது

'என் சைக்கிளைப் பார்த்துவிட்டேன், உடனே வாருங்கள்' என்றால் யாரும் உடனே வரமாட்டார்கள். புகார் எண், பிரேம் எண், சைக்கிள் இப்போது நிற்கும் இடம், அருகில் ஆள் இருக்கிறாரா என்பது, உங்களிடம் என்ன ஆவணம் இருக்கிறது என்பது ஆகிய ஐந்தையும் இதே வரிசையில், ஒரே மூச்சில் சொல்லுங்கள். கைகலப்பு மூளும் நிலையோ, திருடிக்கொண்டிருக்கும்போதே கண்டதோ தவிர மற்றவற்றுக்கு அவசர எண்ணை அழைக்காமல் நிலையத்தின் நேரடி எண்ணை அழையுங்கள். புகார் கொடுத்த நிலையம் ஒன்று, சைக்கிள் நிற்கும் எல்லை வேறொன்று என்றால் இரண்டுக்கும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதிலேயே பொழுது போய்விடும். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வருவதற்குள் சைக்கிளை யாராவது எடுத்துச் சென்றுவிட்டால், மறுபடியும் அழைத்து அதையும் பதியச் சொல்லுங்கள்.

6. வைத்திருப்பவர் தெரியாமல் வாங்கியவராக இருந்தால்

நான் சற்றும் எதிர்பார்க்காத சிக்கல் இதுதான். திருடியவனைத் திட்டுவதற்காக மனதுக்குள் சேர்த்துவைத்திருந்த சொற்கள் எல்லாம், ஏமாற்றப்பட்ட இன்னொருவர் எதிரே வந்து நின்றபோது பயனற்றுப் போயின.

பொதுவான சட்டக் கொள்கை, தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது என்பது. இங்கிலாந்தின் 1979-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவும், இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவும் இதையே அடிப்படையாகக் கொண்டவை. ஜெர்மனியின் சிவில் சட்டத் தொகுப்பும், 935-ஆம் பிரிவில், திருட்டுப் பொருளை நல்லெண்ணத்துடன் வாங்கியவர்கூடப் பொதுவாக அதன் உரிமையாளர் ஆவதில்லை என்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் கணக்கு இவ்வளவு நேராக இல்லை. பிரான்சில் திருட்டு நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். வைத்திருப்பவர் அதைச் சந்தையிலோ அத்தகைய பொருளை விற்கும் வணிகரிடமோ வாங்கியிருந்தால், அவர் கொடுத்த விலையை நீங்கள் ஈடுசெய்துதான் பொருளைப் பெற முடியும். ஜப்பானிலும் அதைப் போன்ற ஏற்பாடு உண்டு, கெடு இரண்டு ஆண்டுகள். உங்கள் நாட்டில் எது பொருந்தும் என்பதை இலவசச் சட்ட உதவி மையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 'இது சட்டப்படி என்னுடையது' என்ற வாக்கியத்தை உச்சரியுங்கள்.

எதிரே இருப்பவரிடம் குற்றம் சாட்டாமல் பேசுங்கள். 'இந்த சைக்கிள் திருட்டுப்போனதாகப் பதிவாகியிருக்கிறது, இதோ புகார் எண், நீங்கள் யாரிடம் வாங்கினீர்கள் என்று சொன்னால் இருவருக்கும் உதவியாக இருக்கும்' என்பது போதும். அவர் விற்றவர் மீது தனிப் புகார் கொடுக்க முடியும். அவரிடமிருக்கும் உரையாடலும் பணம் அனுப்பிய விவரமும்தான் திருடியவரை எட்டும் ஒரே வழியாகப் பல நேரங்களில் அமைகின்றன. என் விஷயத்தில் அந்த மாணவியின் கைப்பேசியிலிருந்த விளம்பரப் படத்தில் பிரேம் எண் முழுமையாகத் தெரிந்தது. அதை என் உத்தரவாத அட்டையோடு ஒப்பிட்ட பிறகுதான், நான் மங்கலாக எடுத்த படத்தின் கடைசி இரண்டு இலக்கங்களும் துலங்கின. அவரைத் திருடி என்று அழைத்திருந்தால் அந்தப் படத்தை எனக்குக் காட்டியிருப்பாரா என்பது சந்தேகமே. படத்தையும் பெயரையும் சமூக ஊடகத்தில் போட்டு 'இவரைப் பிடியுங்கள்' என்று எழுதுவதும் இதே காரணத்தால் ஆபத்தானது; ஆள் மாறிப்போனால் அவதூறு வழக்கு உங்கள் மீது வரும்.

7. காப்பீட்டுப் பணம் வாங்கியிருந்தால்

காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பீடு கொடுத்துவிட்டிருந்தால், பெரும்பாலான ஒப்பந்தங்களின்படி சைக்கிளின் மீதான உரிமை அந்த நிறுவனத்துக்குப் போய்விட்டிருக்கும். கிடைத்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது மோசடி. எழுத்தில் தெரிவியுங்கள், பணத்தைத் திருப்பிக் கொடுத்து சைக்கிளை வைத்துக்கொள்ளலாமா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

8. செலவு, காலம், விட்டுவிடுவது

காவல்துறை சைக்கிளைக் கைப்பற்றிய அன்றே உங்களிடம் கொடுத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வழக்கு இருந்தால் அது சான்றுப்பொருள். ஆய்வு முடிய வேண்டும், சில நாடுகளில் நீதிமன்றத்தின் விடுவிப்பு உத்தரவும் வேண்டும். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல், படங்கள் எடுத்துவைத்துக்கொண்டு பொருளை உரிமையாளரின் பொறுப்பில் விடும் நடைமுறை பல இடங்களில் உண்டு; நீங்களாக எழுதிக் கேட்டால்தான் அது நகரும். எனக்குக் கழிந்த பதினொரு வாரங்களில் ஐந்து, இப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாமல் போனவை. வாங்கப் போகும்போது அடையாள அட்டை, ரசீது, புகார் நகல் ஆகியவற்றின் அசலும் நகலும் வேண்டும். பாதுகாப்புக் கட்டணம் ஏதாவது உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

நேரடிச் செலவு பொதுவாகக் குறைவுதான்; பயணமும் நகலும் சில கட்டணங்களும் மட்டுமே. உண்மையான செலவு நாள்கள். பழைய, மலிவான சைக்கிளாக இருந்து, எண்ணும் இல்லாமல், வைத்திருப்பவர் அச்சுறுத்தும் ஆளாகவும் இருந்தால், படங்களைக் காவல்துறையிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது கோழைத்தனம் அல்ல. எத்தனை அரைநாள்களை இதற்குக் கொடுக்க முடியும் என்று தொடக்கத்திலேயே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள், பாதியில் அதை முடிவு செய்ய வீம்பு விடாது.

9. திரும்பி வந்த பிறகு

ஏறி ஓட்டுவதற்கு முன் பிரேக், சக்கர அச்சின் இறுக்கம், ஹேண்டில்பார், செயின் ஆகியவற்றை ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இடையில் யார் எதைக் கழற்றி மாட்டினார்கள் என்பது தெரியாது. பெற்றுக்கொண்டதற்கான சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். புகாரில் 'பொருள் மீட்கப்பட்டது' என்று பதிந்துவிட்டார்களா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள், இணையப் பதிவேட்டிலும் நிலையை மாற்றுங்கள். கடைசியாகச் சொன்னதை நான் மறந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு மருந்துக்கடை வாசலில் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது, வயதில் இளைய ஒருவர் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி தயங்கித் தயங்கி அருகில் வந்து, "தவறாக நினைக்க வேண்டாம், நீங்கள் ஓட்டும் இந்த சைக்கிள் திருட்டுப்போனது என்று பதிவாகியிருக்கிறது, தெரியுமா?" என்றார். பையிலிருந்து ஆவணங்களை எடுத்து அவரிடம் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.